ஹட்டனில் வாங்கிய ‘நனோ தங்கத் துளிகள்’

கண்டியில் கதிர்ச்சிகிச்சை பெற்றுவரும் பெரியம்மாவுக்காக, ஹட்டன் நகரிலுள்ள ஒரு கடையில் 4,500 ரூபாய் கொடுத்து இந்தச் சிறு போத்தலை வாங்கினேன். நாளுக்கு ஐந்து துளிகளை நாவின் அடியில் விட்டால் கதிரின் வலிமை இரட்டிப்பாகும் என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது முழுப் பொய் அன்று என்பதே இதில் சிக்கல். அணுவெண் 79 கொண்ட தங்கம் எக்ஸ் கதிர்களை உடற்திசுவைவிடப் பன்மடங்கு உறிஞ்சி, குறுந்தொலைவே செல்லும் இலத்திரன்களை வெளியேற்றுவதால், நுண்ணிய தங்கத் துகள்கள் தங்கிய புற்றுக்கட்டியின் உயிரணுக்கள் கூடுதலாகச் சிதைகின்றன. 2004இல் வெளியான ஆய்வில், 1.9 நனோமீற்றர் தங்கத் துகள்களோடு கதிரும் பெற்ற எலிகளில் 86 சதவீதம் ஓராண்டு உயிர்வாழ்ந்தன. கதிர் மட்டும் பெற்றவற்றில் 20 சதவீதமே. ஆனால் அங்கே துகள்கள் நாளத்தில் ஊசியாக ஏற்றப்பட்டன. கதிரும் ஆற்றல் குறைந்த 250 கிலோவோல்ற்று வகையைச் சேர்ந்தது. மருத்துவமனைகளின் கதிர்ச்சிகிச்சைப் பொறிகளான நேர்கோட்டு முடுக்கிகள் தரும், ஆற்றல் மிகுந்த மெகாவோல்ற்றுக் கதிர்களில் தங்கத்தின் இந்த அனுகூலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

போத்தலில் துகளின் அளவோ, செறிவோ, தயாரித்த திகதியோ இல்லை. ஏறத்தாழ 20 நனோமீற்றர் தங்கத் துகள்கள் கலந்த நீர் செந்நிறமாக இருக்கும். இதுவோ வெளிறிய மஞ்சள். எங்கள் லயத்துச் சாயத்தண்ணியில்கூட இதைவிட நிறமுண்டு.

பெரியம்மாவின் மருத்துவர் லேபலை வாசித்ததும் நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் மூடி திறந்த போத்தலைத் திரும்ப ஏற்கவில்லை. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் கண்ணாடிப் போத்தலுக்காக.