எந்த ஜவ்வு அறுந்தது என்று கேட்காத கடையில் முழங்கால் பிரேஸ் வாங்காதீர்கள்

முழங்கால் ஜவ்வு அறுந்து, அறுவை முடிந்து, மறுபடி பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு பிரேஸ் (முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) வாங்கப் போங்கள். சறுக்கு மலையின் அடிவாரத்தில் சறுக்குக் காலணியும் (பூட்) ஸ்கீ பலகையும் வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒரு மூலையில் 'முழங்கால் பாதுகாப்பு' என்று தனி அலமாரி இருக்கும். அப்படி ஓர் அலமாரியிலிருந்து என் தலையில் இரண்டு பொருள்களைக் கட்டினார்கள். முதலாவது எதற்கும் உதவாதது. இரண்டாவது என் முழங்காலுக்கு நேர் எதிராக வேலை செய்வது. பணம் போனதுகூட இரண்டாம்பட்சம், அந்த இரண்டாவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு அறுந்தது ஏசிஎல். கூடவே எம்சிஎல்லும் கிழிந்தது. ஏசிஎல் மூட்டுக்கு நடுவே குறுக்காக ஓடுவது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதுதான். எம்சிஎல் மூட்டின் உள்பக்கம் இருப்பது. முட்டி உள்நோக்கி மடங்கப் பார்க்கும்போது தாங்குவது அது. சறுக்குகிறவர்களுக்கு இரண்டும் ஒரே விழுதலில் போவது ஒன்றும் அபூர்வமில்லை. ஸ்கீயின் உள்விளிம்பு பனியில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் இழுக்க, உடம்பு வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும், நடுவில் அகப்படுவது முட்டி. ஏசிஎல்லுக்கு அறுவை செய்து ஒட்டு வைத்தார்கள். எம்சிஎல் பெரும்பாலும் கத்தி படாமலே ஆறிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆறியது. பொதுவாகச் சொல்லும் 9 மாதக் கெடு தாண்டி, அடிபட்ட காலின் வலு மற்ற காலில் 90 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் பிசியோ பனிக்குப் போகச் சம்மதித்தார். முதல் சீசனுக்கு ஏசிஎல்லுக்கான ஃபங்ஷனல் பிரேஸ் (ஜவ்வுக்குத் துணையாக எலும்பைப் பிடித்து வைக்கும், கீல் வைத்த பிரேஸ்) போட்டுக்கொள்ளச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். மருத்துவமனை வழியாகச் சொல்லிவைத்த பிரேஸ் பயணத்துக்குள் வந்து சேராது என்று தெரிந்தது. அதனால் சீட்டோடு அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சீட்டை வாங்கினார், ஒரு பார்வை பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எந்த ஜவ்வு, எந்தக் கால், அறுவை எப்போது, முட்டி முழுசாக நீளுகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. நான் போட்டிருந்த தடித்த பனிப் பேன்ட்டுக்கு மேலேயே தொடையை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு "மீடியம்" என்றார். எடுத்துக் கொடுத்தது கறுப்பு நியோபிரீனில் (ரப்பர் போன்ற தடித்த துணி) சுற்றிக் கட்டும் ஒரு பிரேஸ். பெட்டி மேல் பெரிதாக 'லெவல் 3', கீழே பாய்ந்து இறங்கும் ஒரு வீரரின் படம், 'பக்கவாட்டுக் கீல்களுடன்' என்று ஒரு வரி. ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்கள் எல்லாரும் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள் என்றார். அந்த லெவல் கணக்கெல்லாம் கம்பெனிகள் தாங்களாகவே போட்டுக்கொள்வது. ஒருவருடைய 3 இன்னொருவருடைய 2 ஆக இருக்கலாம். மருத்துவர்கள் பொதுவாக லெவல் பார்த்துச் சீட்டு எழுதுவதில்லை.

அன்று அவர் சொன்னதிலேயே ஆபத்தானது இன்னொன்று. பைண்டிங்கை (காலணியை ஸ்கீயோடு பிடித்து, விழும்போது கழற்றிவிடும் பொறி) மாட்டிக் கொடுக்கும்போது, முட்டிக்குத்தான் பிரேஸ் வந்துவிட்டதே, கழலும் எண்ணை (எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்ற அளவு) கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், நடுவழியில் ஸ்கீ கழன்று தொந்தரவு தராது என்றார். வேண்டாம் என்று கறாராகச் சொன்னேன். இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் நாளே அந்தப் பிரேஸின் வண்டவாளம் தெரிந்துவிட்டது. மலையேற்றும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் பிரேஸ் நழுவி இறங்கி பூட்டின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கிவிட்டால் நாலு திருப்பத்துக்கு நிற்கும், மறுபடி இறங்கும். முட்டிக்குப் பின்னால் நியோபிரீன் மடிந்து மடிந்து தோல் சிவந்துவிட்டது. சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கத் தையல் விட்டிருந்தது. உள்ளே இருந்த 'கீல்' வெளியே எட்டிப் பார்த்தது. கீலும் இல்லை, மண்ணும் இல்லை. தட்டையாகச் சுருட்டிய மெல்லிய ஸ்பிரிங் கம்பி. இரண்டு விரலால் பிடித்து வளைத்தேன். முன்னும் பின்னும் வளைந்தது, சரி. பக்கவாட்டிலும் அதே சுலபத்தோடு வளைந்தது. பக்கவாட்டில் வளையாமல் இருப்பதற்குத்தானே கீல்? உண்மையான கீலில் இரண்டு உலோகத் தண்டுகள் ஓர் அச்சில், நல்ல வகைகளில் இரண்டு பல்சக்கரங்களில், சேர்ந்திருக்கும். முன்பின்னாக மட்டும் மடங்கும். என் கையில் இருந்தது துணி சுருங்காமல் விறைப்பாக நிற்க வைக்கிற கம்பி, அவ்வளவுதான்.

முழங்காலில் மாட்டும் நீ-கேப், நியோபிரீன் உறை இவற்றையெல்லாம் நான் மட்டம் தட்டவில்லை. மூட்டுக்குக் கதகதப்பு தரும், லேசான வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கும், தோலில் அந்த இறுக்கம் இருப்பதால் முட்டி எங்கே இருக்கிறது என்ற உணர்வும் நமக்குக் கூடும். ஜவ்வெல்லாம் நன்றாக இருந்து சும்மா முட்டி வலிக்கிறவர்களுக்கு அது போதும். நியோபிரீன் ஒத்துக்கொள்ளாமல் தோலில் தடிப்பு வருகிறவர்களும் உண்டு, அவர்கள் வேறு துணியில் பார்க்கட்டும். ஆனால் எலும்பு நழுவுவதையும் முட்டி பக்கவாட்டில் மடங்குவதையும் அது தடுக்காது. அதை ஏசிஎல் பிரேஸ் என்று சொல்லி விற்பது பச்சைப் பொய்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். உடம்பில் பட்ட பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். தையல் விட்டிருக்கிறதே என்றேன். யோசிப்பது போல யோசித்துவிட்டு, வேண்டுமானால் இதன் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு 'நிஜமான' பிரேஸ் தருகிறேன் என்று உள்ளே போனார். அப்படியானால் முந்தின நாள் கொடுத்தது என்னவாம்?

கொண்டுவந்தது பார்க்க அசத்தலாக இருந்தது. இறுகிய சட்டம், ஒரு பக்கம் கனமான கீல், அதன் மேல் திருகுவதற்கு ஒரு சிறு வட்டத் திருகி. பெட்டி இல்லை, விளக்கத் தாள் இல்லை. காட்சிக்கு வைத்திருந்ததாம், அதனால்தான் விலை சலிசாம். திருகி எதற்கு என்று கேட்டேன். இறுக்கத்தைச் சரிசெய்ய, கீழே இறங்கும்போது இரண்டு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். இந்த முறை அளவு நாடா வந்தது, ஆனால் அதுவும் பேன்ட்டுக்கு மேலேதான்.

அறைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். திருகியைத் திருகத் திருக யாரோ முட்டியின் வெளிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து உள்நோக்கி அழுத்துவது போலிருந்தது. உள்பக்கத்தில், எம்சிஎல் கிழிந்த அதே இடத்தில், ஓர் இழுப்பு. அதோடு பனிக்குப் போகவில்லை. படம் எடுத்து பிசியோவுக்கு அனுப்பினேன், ஊர் திரும்பியதும் பிரேஸையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உள்பக்க மெத்தையை உரித்து அடியில் இருந்த மாடல் பெயரைப் பார்த்தார். அது மூட்டுத் தேய்மானத்துக்கான அன்லோடர் பிரேஸ். முட்டியின் உள்பாதி தேய்ந்தவர்களுக்கு, எலும்பும் எலும்பும் உரசாமல் அந்தப் பக்கத்தின் பாரத்தைக் குறைக்கச் செய்வது. வெளிப்பக்கத்திலிருந்து முட்டியை உள்ளே தள்ளும், தொடையையும் கீழ்க்காலையும் எதிர்த்திசையில் பிடிக்கும். உள்பக்க இடைவெளி சற்று விரியும். தேய்மானக்காரருக்கு அது நிம்மதி. எனக்கோ, அந்த உள்பக்கம் விரியாமல் இருக்கத்தான் எம்சிஎல்லே இருக்கிறது. கிழிந்து ஆறிய ஜவ்வை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கும் கருவியைப் போட்டுக்கொண்டு, "இறங்கும்போது இரண்டு சுற்று கூட்டி" சறுக்கச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

பிசியோ பட்டையைப் பிரித்துக் காட்டிய இன்னொன்று: வெல்க்ரோவின் கொக்கிகளில் யாருடைய ரோமமோ, நீல நிறத் துணிப் பஞ்சும் அடை அடையாக. மெத்தை ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. யாரோ மாதக்கணக்கில் போட்டுக் கழற்றியது. என் பிரேஸைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்க மாட்டேன் என்றவர் எனக்கு விற்றது இதை!

பிசியோவிடம் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வாங்கி, இது எந்த நோய்க்கான பிரேஸ், சீட்டில் எழுதியிருந்தது என்ன, பயன்படுத்திய பொருள் என்பதற்கான படங்கள், ரசீது எல்லாம் சேர்த்துக் கடைக்கு அனுப்பினேன். முதலில் பதிலே இல்லை. கார்டு வங்கியில் கட்டணத் தகராறு பதிவு செய்தேன் என்று தெரிந்ததும் இரண்டாவது பிரேஸின் பணத்தைத் தந்தார்கள். முதலாவதற்குத் தரவில்லை. ரசீதில் அதை 'முழங்கால் உறை' என்றுதான் எழுதியிருந்தார்கள். வாயால் சொன்னது ஏசிஎல் பிரேஸ், தாளில் இருந்தது உறை. அதனால் பணம் கொடுக்கும்முன் ரசீதில் மாடல் பெயரும் 'ஏசிஎல் பிரேஸ்' என்ற வார்த்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடலாம்.

சரி, ஒழுங்கான பிரேஸ் எப்படி இருக்கும்? எனக்குப் பிறகு வந்து சேர்ந்ததை வைத்துச் சொல்கிறேன். கார்பன் ஃபைபர் அல்லது அலுமினியச் சட்டம், இரண்டு பக்கமும் கீல், முன்னும் பின்னுமாகப் பட்டைகள். பிசிஎல்லுக்கு (ஏசிஎல்லுக்குப் பின்னால் இருக்கும் ஜவ்வு) வேறு, பல ஜவ்வுகள் சேர்ந்து போனவர்களுக்கு வேறு என்று வகைகள் இருப்பதால் சீட்டில் ஜவ்வின் பெயர் இருக்க வேண்டும். இடது கால், வலது கால் தனித்தனி. அளவு எடுப்பது வெறும் தோலில். நிற்க வைத்து, முட்டிச்சில்லின் நடுவிலிருந்து 15 செ.மீ. மேலே தொடைச் சுற்றளவு, 15 செ.மீ. கீழே கெண்டைக்கால் சுற்றளவு, அப்புறம் முட்டியின் அகலம். இப்படித்தான் பல கம்பெனிகள் கேட்கின்றன. அறுவை முடிந்த காலில் தொடைச் சதை வற்றியிருக்கும், பயிற்சியில் மறுபடி ஏறும். ஆகவே பழைய அளவை வைத்து வாங்கக் கூடாது. கீலுக்குள் முழு நீட்டத்தைத் தடுக்கும் சிறு தடுப்பான்கள் இருக்கும், 10 டிகிரியில் நிறுத்துவது போல. எதைப் போடுவது என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது, கடைக்காரர் அல்ல.

சறுக்குகிறவர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி, பூட். ஸ்கீ பூட் கெண்டைக்கால் வரை ஏறி நிற்பது. பிரேஸின் கீழ்ச் சட்டம் அதன் விளிம்பில் இடித்தால், முட்டியை மடக்கும் ஒவ்வொரு முறையும் பூட் பிரேஸை மேலே தள்ளும். கீல் மூட்டின் அச்சைவிட்டு மேலே போய்விடும். அப்புறம் கால் ஓர் இடத்தில் மடங்கும், பிரேஸ் இன்னோர் இடத்தில் மடங்கும். எனவே பிரேஸ் பார்க்கப் போகும்போது உங்கள் பூட்டையும் தூக்கிக்கொண்டு போங்கள். பூட்டின் கொக்கிகளை முழுசாகப் பூட்டி, சறுக்கும்போது உட்காருகிற மாதிரி முன்னால் அழுத்தி உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கெண்டைப் பக்கம் நீளம் குறைந்த வகைகளும் கிடைக்கின்றன. பேன்ட்டுக்கு உள்ளே, தோல் மேலோ மெல்லிய உறை மேலோ போடுவதுதான் நழுவாது. பெரும்பாலான வகைகளில் முதலில் இறுக்க வேண்டியது முட்டிக்குச் சற்றுக் கீழே, கெண்டைச் சதை பருக்கும் இடத்துக்கு மேலே வரும் பட்டை. மொத்தப் பிரேஸும் தொங்குவது அதில்தான். பட்டைகளில் எண் போட்டிருப்பார்கள், அந்த வரிசையிலேயே போடுங்கள்.

இதெல்லாம் போட்டால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2006-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், ஏசிஎல் அறுவை ஆன சறுக்கு மைய ஊழியர்கள் 820 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. பிரேஸ் போடாதவர்களுக்கு மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பு போட்டவர்களைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு என்று அதில் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வில் போட்டது ஃபங்ஷனல் பிரேஸ். உறை விற்கிற கடைகளும் இதே எண்ணைத் தங்கள் அலமாரியில் ஒட்டிக்கொள்கின்றன, அதுதான் எரிச்சல்.

இனி அந்த பைண்டிங் விஷயம். கழலும் எண் எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், நீங்கள் சறுக்கும் விதம் இவற்றை வைத்து அட்டவணையில் பார்த்து வைப்பது. முட்டியில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே கிடையாது. முன்பகுதி கால் முறுக்கும்போதும் பின்பகுதி நாம் முன்னால் கவிழும்போதும் கழலும்படிதான் பைண்டிங்குகளைப் பெரும்பாலும் அமைத்திருக்கிறார்கள். அதனால் கீழ்க்கால் எலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது. பின்னால் சாய்ந்து, பிட்டம் முட்டிக்குக் கீழே போய், ஒரே ஸ்கீயின் உள்விளிம்பில் பாரம் இறங்கி முறுக்கிக்கொள்ளும்போது பல பைண்டிங்குகள் அதை உணர்வதே இல்லை. ஏசிஎல் அறுகிற முக்கிய வழிகளில் அப்படிப்பட்ட விழுதலும் ஒன்று. எண்ணைக் கூட்டினால் மற்ற விழுதல்களிலும் அது கழலாது, அவ்வளவுதான் கிடைக்கும் லாபம். பிரேஸ் இருக்கிறது என்று சொல்லி எந்தக் கடைக்காரராவது திருப்புளியை எடுத்தால் ஸ்கீயைப் பிடுங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். ஏற்கனவே கூட்டிவிட்டாரா என்ற சந்தேகம் இருந்தால், பூட்டும் பைண்டிங்கும் சேர்ந்து எவ்வளவு விசையில் கழலுகின்றன என்று கருவியில் வைத்துச் சோதித்துத் தரும் இடங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்துச் சோதித்து, அளவைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.