காலர் மைக்கும் கடைசி பெஞ்சும்

காலர் மைக் மறுபடியும் மக்கர் செய்தது. போன சனிக்கிழமை லேமிங்டன் ரோட்டில் கொடுத்துச் சார்ஜ் ஏறும் முனையை மாற்றினேன், 350 ரூபாய். அன்றைக்கென்று பார்த்துக் கோவைத் தோழி போனில், "எங்க பி.எட். காலேஜுக்கும் இதே மைக், போன் ஸ்டாண்ட் செட் வாங்கலாமாப்பா?" என்றாள். மூன்று வருடமாக மும்பையில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் நடத்தும் பாடங்களை இதில்தான் பதிவு செய்கிறேன். கேட்க நல்ல நேரம் பார்த்தாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் பதிலுக்கு எவ்வளவு பொறுக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பு ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். சராசரி ஒரு விநாடிதான். மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது. இதை நான் நூறு முறை சொன்னாலும் மாணவர்களுக்கு ஏறாது. கேள்வியையும் கேட்டு, மூச்சு விடாமல் பதிலையும் தானே சொல்வதை வீடியோவில் பார்த்தால் அன்றைக்கே ஏறிவிடும்.

நேரம்தான் இடிக்கும். சின்னப் பாடம் நடத்தி, குறைநிறை கேட்டு, திருத்தி மறுபடி நடத்தும் நுண்ணிலைக் கற்பித்தல் சுழற்சி 36 நிமிடம், அதில் பின்னூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் 6. பாடமும் 6 நிமிடம். வீடியோவை முழுதாக ஓட்டினால் பேசுவது எப்போது? ஒன்றரை நிமிடம் மட்டும் போடுவேன். அதைப் பழகிக்கொண்டேன்.

பழக முடியாதது மைக். தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஒரு மாணவி பின்னங்கள் நடத்தினாள். வீடியோவில் "அரையில் பாதி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி நிற்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். அவள் தயங்கித் தயங்கி, "மேடம், அப்போ கடைசி பெஞ்சுப் பையன் பதில் சொல்லிட்டிருந்தான்" என்றாள். மைக்குக்கு அது கேட்கவே இல்லை. சட்டையில் குத்தியவரின் குரல் கணீரென்று வரும், எதிரே நாற்பது பிள்ளைகள் ஊமை. மேலே மின்விசிறி வேறு. அந்தப் பையன் சொன்னது சரியா தப்பா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் தோழியிடம், ஸ்டாண்ட் மட்டும் வாங்கு, மைக் வேண்டாம், போனை நடு பெஞ்சில் வைத்துவிடு என்று சொல்லிவிட்டேன். என்னுடையதைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஆறு பேருக்குப் பாடம் இருக்கிறது.