கண்ணாடித் தட்டு காய்வதற்குள்

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் 26 வருஷம் டார்க் ரூமில் வேலை பார்த்தவன் நான். ஆவிகளைப் படம் பிடிப்பவர்களைப் பற்றிய நாவல் என்று தெரிந்ததும் என் மகள் இதை வாங்கி அனுப்பிவிட்டாள். ஆங்கிலம், 400 பக்கத்துக்கு மேல். மே மாத வெயிலில் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, நாளைக்கு இருபது பக்கமாக மூன்று வாரம் படித்தேன். அப்படி மெதுவாகப் படிக்க வேண்டிய புத்தகம்தான் இது.

கதை 1869இல் நியூயார்க்கில் நடக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து நான்கே வருஷம். ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த போர் அது. பல வீடுகளுக்கு உடல்கூட வந்து சேரவில்லை. அப்படிப் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், இறந்தவர்களைப் படத்தில் வரவழைத்துக் காட்டுகிறோம் என்று சொல்லும் ஸ்டுடியோவுக்கு வருகிறாள். அங்கே படம் எடுக்கும் கண்ணாடித் தட்டுகளைக் கழுவும் பையனுக்கு அந்த வித்தை முழுக்கத் தெரியும். அவள்மேல் மனசு போன பிறகு அதை அவளிடம் எப்படிச் சொல்வான்?

அதே வருஷம் அதே ஊரில் வில்லியம் மம்லர் என்பவர்மேல் நிஜமாகவே மோசடி வழக்கு நடந்தது. ஆவிப் படம் ஒன்றுக்குப் பத்து டாலர் வரை வாங்கியவர். பின்னாளில் சர்க்கஸால் பேர் வாங்கிய பார்னம் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். லிங்கனின் ஆவி தன் பின்னால் நிற்பதுபோல வேறொரு போட்டோகிராபரிடம் படம் எடுத்துக்கொண்டு வந்து, இது இப்படித்தான் என்று காட்டினார். ஆனாலும் மம்லர் எப்படிச் செய்தார் என்று நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். நாவலில் அந்தப் பையன் இந்த வழக்குச் செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, பேப்பரை மடித்து அடுப்பில் போடுகிறான். அந்த இடம் அரைப் பக்கம்தான், ஆனால் மறக்க முடியவில்லை.

தட்டு தயார் செய்வதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் பிலிம்தான். அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடுகிற மாதிரி சாய்த்து, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து டெவலப்பும் செய்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம்தான் கணக்கு. பழைய தட்டைச் சரியாகக் கழுவாவிட்டால் முன்பு எடுத்த உருவம் லேசாக நிற்கும். ஆவி வருவது அந்த வழியாகத்தான். இந்த அத்தியாயம் சலிப்பாக இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். எனக்கு இதுதான் புத்தகத்தின் உயிர்.

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் உடனே தெரியாது. வெளிச்சம் பட்டபிறகுதான் கறுக்கும். தட்டு கழுவிய கையோடு அவன் அவள் மணிக்கட்டைத் தொடுகிறான். மறுநாள் காலை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போது, மாமியார் கண்ணெதிரே அந்த விரல் தடம் மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது. ரகசியம் வெளியாவதற்கு இதைவிட நல்ல வழியை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. எழுதியவர் அந்த மருந்தைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எண்பதுகளில் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் கடைக்கு வந்தார். வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம். கையில் இருந்தது ஒரு குரூப் போட்டோ. அதில் அவர் முகம் விரல் நகம் அளவு. பெண்ணுக்குக் கல்யாணம், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி போட்டுக் கொடுங்கள் என்றார். முகத்தைப் பெரிதாக்கி, பிளேடால் அறுத்து ஒட்டி, சட்டையை பிரஷ்ஷால் வரைந்து, திரும்பப் படம் எடுத்துக் கொடுத்தோம். எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் எளைச்சா மாதிரி கீறாரு” என்றார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நாவலில் அந்தப் பெண் முதல் படத்தை வாங்கிப் பார்க்கிற இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாங்கள் செய்ததும் அவர்கள் செய்ததும் ஏறக்குறைய ஒரே கைவேலை. நாங்கள் “ஒட்டினோம்” என்று சொல்லிச் செய்தோம். அவர்கள் “வந்தார்” என்று சொல்லிச் செய்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பையன் படும் பாட்டை அவசரமில்லாமல் 300 பக்கம் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே வாங்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. கடைசி அறுபது பக்கத்தில் திடீரென்று கடிதங்கள், தீ விபத்து, மறைத்து வைத்த ஒரு குழந்தை என்று எல்லாம் ஓட்டமாக ஓடுகிறது. அவ்வளவு நேரம் கூடவே நிதானமாக நடந்து வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. அப்புறம், ஓரிடத்தில் பகல் நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டை டெவலப் செய்கிறான். தட்டு முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், படமே நிற்காது. எழுத்தும் பொடி. கண்ணாடி போட்டும் சாயங்காலத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

காட்பாடியில் இருக்கும் என் பழைய சிநேகிதர், எங்கள் கடையில் பிரஷ் பிடித்தவர், புத்தகத்தைக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். தட்டு தயார் செய்யும் அத்தியாயத்தில் காகிதம் வைத்திருக்கிறேன். அவர் அதைத்தான் முதலில் திறப்பார்.