மிலான் டிசைன் வாரம்: ரோ வளாகமா, நகரத் தெருக்களா?

ஏப்ரலில் மிலான் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான். 1961-இல் தொடங்கிய சலோனே டெல் மொபிலே என்ற அறைகலன் கண்காட்சி இப்போது நடப்பது நகருக்கு வெளியே, ரோ கண்காட்சி வளாகத்தில். அதே வாரம் நகருக்குள் பிரேரா, தொர்த்தோனா போன்ற பகுதிகளில் நடக்கும் டிசைன் நிகழ்ச்சிகளுக்குப் பெயர் ஃபுவோரிசலோனே.

ரோவுக்கு டிக்கெட் வேண்டும். மெட்ரோவில் நேராகப் போய்விடலாம். அரங்குகளைச் சுற்றினால் கால் கழன்றுவிடும். ஆனாலும் சோபாவில் உட்கார்ந்து பார்க்கலாம், இழுப்பறையை இழுத்துப் பார்க்கலாம், கூட்டுப்பலகையின் விளிம்பு ஒட்டியிருக்கும் நேர்த்தியைக் குனிந்து கவனிக்கலாம். விளக்குகளுக்கான யூரோலூச்சே பிரிவு ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே. 35 வயதுக்குட்பட்ட வடிவமைப்பாளர்களுக்காக 1998-இல் தொடங்கிய சலோனே சாட்டலைட்டில் இன்னும் விற்பனைக்கே வராத மாதிரிகள் இருக்கும். எனக்குப் பிடித்த மூலை அதுதான்.

நகரத்தில் பெரும்பாலும் இலவசம். பழைய மாளிகை முற்றங்களும் திறந்திருக்கும். ஆனால் பெரிய பிராண்டுகளின் வாசலில் வரிசை நீளம். உள்ளே போனால் நாற்காலியைவிட செல்ஃபிக்கே இடம் அதிகம். இத்தாலிய வடிவமைப்பாளர் அக்கில்லே காஸ்தில்யோனியின் பழைய ஸ்டுடியோ வேறு ரகம். சகோதரருடன் சேர்ந்து அவர் 1962-இல் வடிவமைத்த ஆர்கோ விளக்கின் பளிங்கு அடிக்கட்டையில் ஒரு துளை உண்டு: துடைப்பக் கட்டையைச் செருகி இருவர் தூக்குவதற்காக!

வாங்குபவர், தொழில் செய்பவர் என்றால் ரோ. வேடிக்கை பார்க்க நகரம். ரோவில் பொதுமக்களுக்கு வார இறுதியில்தான் அனுமதி. விமான டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.