மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியில் ஒரு திகதி எழுதக் கூடாதா?

ஊருக்குப் போய் வந்து இவ்வளவு நாளாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. கோபம் தயிரில்தான். விமானம், விசா, வங்கி எல்லாம் ஒழுங்காக நடந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. கத்தரிக்காய், பயற்றங்காய், பொன்னாங்காணி எல்லாம் சந்தையில் நல்லதாகவே கிடைத்தன. தயிருக்கு மட்டும் நகருக்குள் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். வாசலில் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. முன்பு தாளைப் போட்டு நூலால் கட்டுவார்களே, அந்த இடத்தில் இப்போது வழவழப்பான பொலித்தீன் மூடி. அதில் எருமைப் படம், பெரிய எழுத்தில் 'சுத்தமான எருமைத் தயிர்'. எந்த ஊர், யாருடைய மாட்டுப் பட்டி, எப்போது உறை ஊற்றியது, ஒன்றுமே இல்லை.

"தம்பி, இது எப்ப ஊத்தின தயிர்?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்ல தயிர்தான் அக்கா."

"நல்லது சரி, நேற்றா முந்தநாளா?"

"தயிருக்குப் போய்த் திகதி கேக்கிறீங்களே, வேணுமெண்டா எடுங்க."

பின்னால் நின்ற ஆட்கள் பொறுமை இழந்து என்னைப் பார்த்தார்கள். எந்தப் பக்கத்துப் பால் என்று திரும்பக் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லாமல் அடுத்தவருக்குச் சட்டியை எடுத்துக் கொடுத்தார். கோயில் நாள், வீட்டில் இலை போட்டாயிற்று. காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மூடியைக் கழற்றியதும் மேலே ஒரு விரல் அளவுக்குத் தண்ணீர். எருமைத் தயிரென்றால் கரண்டியால் வெட்டி எடுத்த இடம் அப்படியே குழியாக நிற்க வேண்டும். இது சரிந்து கலங்கிப் போனது. புளிப்பு நாக்கைப் பிடித்தது. மாமி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "மாட்டுப்பாலும் கலந்திருக்கு புள்ள, பழசும்" என்று சட்டியைத் தள்ளி வைத்தார். எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவில் இருக்கும், பசுப்பாலில் 4க்குக் கிட்டத்தான். கலந்தால் இறுகாது. இதைக் கண்டுபிடிக்க மாமிக்கு ஆய்வுகூடம் வேண்டாம். பின்னேரம் சட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். திறந்த சட்டியைத் திருப்பி எடுப்பதில்லையாம். திறக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

நான் இருப்பது சுவிஸில், பேர்ண் நகரத்தில். அங்கே நாடாளுமன்றத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் செவ்வாயும் சனியும் சந்தை கூடும். சீஸ் விற்பவரிடம் நான் கேட்க வேண்டியதே இல்லை. எந்த மலை மேய்ச்சலில் நின்ற மாடு, எந்தக் கோடையில் செய்தது என்று அவரே சொல்லிக்கொண்டு கத்தி நுனியில் ஒரு துண்டு நீட்டுவார். தின்று பார்த்துப் பிடிக்காவிட்டால் அடுத்ததைக் காட்டுவார். கிருயேர் என்ற சீஸின் வட்டமான கட்டியில் அதைச் செய்த பாலகத்தின் எண் பதிந்திருக்கும். லெத்திவா என்று ஒரு சீஸ் இருக்கிறது, அதை மே 10 முதல் ஒக்டோபர் 10 வரைதான் செய்யலாம், அதுவும் மலையில், விறகடுப்பில். அந்த விறகடுப்பை எவ்வளவு பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்! மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையிலும் விறகடுப்பில்தான் பால் காய்ச்சுகிறார்கள். மண்சட்டி தயிரின் தண்ணீரை உறிஞ்சி இறுக வைக்கும் வேலையை எந்த யந்திரமும் செய்வதில்லை. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கொடுத்தது. நம்முடைய தயிர் அதற்கு எந்த விதத்தில் குறைந்தது? ஆனால் விற்கிறவருக்கே எந்த ஊர்ப் பால் என்று சொல்ல மனமில்லாவிட்டால் பெயர் எங்கேயிருந்து வரும்?

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது யாரும் திகதி கேட்டதில்லை, உண்மைதான். தயிர்க்காரரைத் தெரியும், அவருடைய பட்டி எங்கே நிற்கிறது என்று தெரியும். மண்முனையில் வாவிக்கு மேலே பாலம் வராத காலம், துறையில் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) வந்து சேர்ந்தால்தான் தயிரும் வரும். பாதை பிந்தினால் அன்று தயிர் பிந்தும், அவ்வளவுதான். வேளாண்மை வெட்டு முடிந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு சட்டி இருக்கும். புளித்தது என்றால் மறுநாள் அவரே வேறு சட்டி தருவார். ஆளைத் தெரிந்திருந்த இடத்தில் இப்போது பொலித்தீன் மூடி இருக்கிறது. அந்த மூடியாவது பேச வேண்டாமா?

அப்புறம், கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போன அன்று மண்முனைப் பாலத்தைத் தாண்டி வீதியோரத்தில் ஒரு அம்மா வெள்ளரிப்பழமும் முருங்கைக்காயும் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் ஈரச்சாக்கு மூடிய சில சட்டிகள். நான் வாயைத் திறக்க முதலே, "நேத்துப் பின்னேரம் ஊத்தினது மகள். இந்தச் சட்டிய இண்டைக்கே சாப்பிடுங்க, நாளைக்கெண்டா அந்தப் பக்கத்துச் சட்டிய எடுங்க" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கேட்காமலே சொன்னாரே! சாக்கை விலக்கி ஒரு சட்டியைச் சரித்துக் காட்டினார், தயிர் அசையவில்லை.

பால் ஏன் குறைவு என்றும் அவரே சொன்னார். வெயிலில் புல் கருகிவிட்டது, குளங்கள் வற்றுகின்றன, வயல் விதைக்கும் காலத்தில் மாடுகளைக் கொண்டுபோகும் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சல் தரைக்கு இன்னும் இழுபறி. 2023 செப்டெம்பரில் அந்தத் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்ததை வெளிநாட்டில் இருந்து செய்தியில்தான் பார்த்தோம். பட்டிக்காரருக்கு நிலமில்லை என்றால் நல்ல பால் குறையும், குறைந்த பாலை நிரப்பக் கலப்படம் வரும். நகரக் கடையில் எனக்குக் கிடைத்த சட்டியும் அந்த அம்மாவின் கவலையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்தான். அதற்காக அந்தக் கடைக்காரரின் பேச்சை நான் மன்னிக்க மாட்டேன்.

அன்று மத்தியானம் சோறு, அந்தத் தயிர், கதலி வாழைப்பழம். பேர்ணில் பிறந்த என் மகள், தயிரென்றால் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வருவது என்று நினைத்திருந்தவள், சட்டியின் அடியில் ஒட்டியதை விரலால் வழித்துத் தின்றாள்.

கடைக்காரர்களே, புது மூடி அடிக்கக் காசு செலவழிக்க வேண்டாம். சட்டியின் வெளியே ஒரு கரித்துண்டால் ஊரின் பெயரையும் ஊற்றிய நாளையும் எழுதுங்கள். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் நூறு, இருநூறு சட்டி எடுக்கிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள், தனி ஒரு சட்டி வாங்குகிற என்னைப் போன்றவளை விரட்டுவது போல உங்களை விரட்ட முடியாது. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் சட்டிகள் முடிந்துவிடும். வெறும் சட்டி வீட்டில் இருந்தால் கழுவிக் கொண்டு போங்கள், அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு விலையில் கழித்துத் தருகிறார்.