ஆறடி மரைன் டேங்க்கில் முரட்டு மீன்கள்: இரண்டு வருடம் கழித்தும் ஒத்துப்போகும் சேர்க்கை எது?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மூன்று அங்குலக் குட்டியாக இருக்கும்போது எல்லா முரட்டு மீனும் சாதுவாகத்தான் தெரியும். லயன் ஃபிஷ், பிக்காசோ ட்ரிகர் (கிளாத்தி வகை), அஞ்சாலை (விலாங்கு போன்ற நீள மீன்), பேத்தை (உடலை ஊதிக்கொள்ளும் பஃபர் மீன்) நான்கும் ஒரே தொட்டியில் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, நான்கையும் ஒரே நாளில் வாங்கிப் போகிறார்கள். கடைத் தொட்டியில் எந்த மீனுக்கும் சொந்த இடம் கிடையாது, அதனால்தான் அந்த அமைதி. வீட்டுக்கு வந்து ஒரு பாறை இடுக்கு தனக்கென்று ஆன பிறகுதான் குணம் வெளியே வரும். எனவே முதல் ஆறு மாதத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது வருடம் வரை துடுப்பு கிழியாமல், இளைக்காமல் எது இருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே சொல்வது 6×2×2 அடி, 12 மி.மீ. கண்ணாடித் தொட்டிக்கு. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர், பாறையும் மணலும் போக 600 நிற்கும். இதைவிடச் சிறிய தொட்டிக்கு ட்ரிகர் வேண்டவே வேண்டாம்.

இந்த அளவுக்கு நாங்கள் தைரியமாகச் சொல்லும் சேர்க்கை மூன்று மீன்தான்: ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு ஸ்னோஃபிளேக் அஞ்சாலை, ஒரு நைஜர் ட்ரிகர். ஃபாக்ஸ்ஃபேஸ் நம்மூர் ஓராவின் இனம். பாசி தின்னும் மீன், ஆனால் துடுப்பு முட்களில் விஷம் உண்டு, அதனால் பெரிய மீன்களும் அதை விட்டுவிடும். ஸ்னோஃபிளேக் அஞ்சாலையின் பல் மழுங்கல், நண்டு ஓட்டை நொறுக்கத்தான் அது. நீந்தும் மீனைத் துரத்திப் பிடிக்கிற அஞ்சாலை இனங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நைஜர் ட்ரிகர் கடலில் மிதவை உயிரிகளைத் தின்று வாழ்வது. பிக்காசோவை விடக் கடி குறைவு, ஆனால் கடிக்கவே கடிக்காது என்று சொல்ல மாட்டோம்.

லயன் ஃபிஷ்ஷும் ட்ரிகரும் சேர்ந்த தொட்டியை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. லயன் ஃபிஷ் மெதுவாக நகர்ந்து, நின்று யோசித்துத்தான் வாயைத் திறக்கும். அதற்குள் ட்ரிகர் தீனியை முடித்துவிட்டு, அதன் நீளத் துடுப்பையும் கொறிக்க ஆரம்பிக்கும். பேத்தையும் இதே வேலையைச் செய்யும். லயன் ஃபிஷ்தான் வேண்டுமென்றால் தொட்டியை அதற்கேற்றபடி அமையுங்கள், ட்ரிகரை மறந்துவிடுங்கள். அதன் வாயில் நுழையும் அளவில் எந்த மீனும் இருக்கக் கூடாது. கிளவுன் ட்ரிகரும் அன்டுலேட்டட் ட்ரிகரும் வளர்ந்த பிறகு தனியாகத்தான் வாழும். 'குட்டியிலிருந்தே பழகிவிடும்' என்ற பேச்சை நம்பி மற்ற மீன்களைப் பலி கொடுக்காதீர்கள்.

விடும் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு மாதம் கழித்து அஞ்சாலை, கடைசியில் ட்ரிகர். ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் குவாரன்டைன். வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போடுகிறவர்கள் கவனிக்கவும்: அஞ்சாலைக்கும் பேத்தைக்கும் அது ஒத்துக்கொள்ளாது. ட்ரிகரை விடும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீன்களும் எல்லையைப் புதிதாகத் தேடவேண்டி வருவதால் சண்டை குறையும். ட்ரிகரை ஐந்து நாள் துளையிட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, மற்ற மீன்கள் பார்த்துப் பழகிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

பாறையை மணல்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் உட்கார வைக்க வேண்டும். ட்ரிகரும் அஞ்சாலையும் அடியில் தோண்டினால் அடுக்கு சரிந்து கண்ணாடி உடையும். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறை வேண்டாம்; பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செயற்கைப் பாறை போதும். தெர்மாமீட்டர் ப்ரோப், மோட்டார் ஒயர் எல்லாம் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் துணைத் தொட்டி) இருக்கட்டும். ட்ரிகர் ஒயரைக் கடித்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும். மூடியில் குழாய்க்கு விட்ட ஓட்டையைக்கூட அடைத்துவிடுங்கள், அஞ்சாலை காணாமல் போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கேன் கேனாகக் கடல் தண்ணீர் எடுத்துவரும் பழக்கத்தை விடுங்கள். அந்தக் கடலோரத்தில் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் பரவியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பும் இறங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கலந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பை அளக்கும் கருவி) அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பாருங்கள். 600 லிட்டருக்கு 21 கிலோ ஆகும். வாரம் 60 லிட்டர் மாற்றினால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) தொட்டிக் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கு, அதாவது 1,200 லிட்டருக்கானதாக வாங்குங்கள், மாமிசத் தீனியின் கழிவு அவ்வளவு.

காசிமேட்டின் லாபம் தீனியில்தான். கடம்பா, மட்டி, இறால், சிறு நண்டு எல்லாம் ஃப்ரெஷ்ஷாகக் கிடைக்கும். கழுவி, வெட்டி, ஃப்ரீசரில் உறையவைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். தினமும் இறாலே போட்டால் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு வரும். கோல்டு ஃபிஷ், கப்பி உயிரோடு போடுவதும் கெடுதலே. ட்ரிகருக்கு தினம் இரண்டு வேளை கொஞ்சமாக, அஞ்சாலைக்கு வாரம் இரண்டு முறை நீண்ட இடுக்கியால். ட்ரிகரை ஒரு முனையில் தின்ன விட்டுவிட்டு மறுமுனையில் அஞ்சாலைக்குக் கொடுங்கள். ஃபாக்ஸ்ஃபேஸுக்கு நோரித் தாள் (உலர்ந்த கடற்பாசித் தாள்) தினமும் கட்டாயம், இல்லையென்றால் வயிறு ஒட்டிவிடும்.

அக்னி நட்சத்திர நாட்களில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி 31 டிகிரியைத் தாண்டும். 26-இல் நிறுத்துங்கள். சூடு ஏற ஏற ஆக்ஸிஜன் குறையும், பெரிய மீன்கள்தான் முதலில் மூச்சு வாங்கும். கரண்ட் போனால் உடனே ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

ஃபாக்ஸ்ஃபேஸ் முள் குத்தினால், சூடு தாளக்கூடிய 43 முதல் 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் கையை வைத்து, டாக்டரைப் பாருங்கள்.

ஒரு மீன் மூன்று நாளாகப் பாறைக்குப் பின்னாலேயே நின்று தீனிக்கு வராவிட்டால், அடி வாங்கியதை விட்டுவிட்டு அடித்ததைப் பிடித்து ஒரு வாரம் சம்ப்பில் அடையுங்கள். திரும்ப விடும்போது பாறையை மறுபடி மாற்றி அடுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த மீனைக் கடைக்கே கொடுத்துவிடுவதுதான் மற்றவற்றுக்கு நல்லது.