காசில்ரேயா, கானிங்கா?

1809 செப்டம்பர் 21 காலை, லண்டனை அடுத்த பட்னி ஹீத் திடலில் பிரிட்டிஷ் அமைச்சர்கள் இருவர் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். போர்த்துறையிலிருந்து தன்னைத் தூக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கானிங் ரகசியமாகக் காய் நகர்த்தியது தெரிந்ததும் காசில்ரே பிரபுதான் சவால் விட்டார். கானிங் அதுவரை துப்பாக்கியே சுட்டதில்லை. முதல் சுற்றில் இருவர் குறியும் தப்பியது. இரண்டாவதில் கானிங்கின் தொடையில் குண்டு பாய்ந்தது. வெளியுறவு அமைச்சராக இருந்த இந்த இருவரில் யார் மேல் என்பதுதான் கேள்வி.

பேச்சில் கானிங்கின் கிட்டேகூட காசில்ரே வர முடியாது. ஸ்பெயினிடமிருந்து பிரிந்த தென் அமெரிக்க நாடுகளை அங்கீகரித்ததை, "பழைய உலகின் சமநிலையைச் சரிசெய்யப் புதிய உலகை உருவாக்கினேன்" என்று 1826-இல் கானிங் முழங்கியது இன்றும் மேற்கோளாக நிற்கிறது. காசில்ரேயின் வாக்கியங்களோ சபையில் சிக்கிக்கொண்டு திணறும்.

ஆனால் பேச்சுவார்த்தை மேசை வேறு. 1814-இல், நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஐரோப்பாவின் எல்லைகளைத் தீர்மானிக்க வியன்னாவில் கூடிய மாநாட்டில், ரஷ்யா போலந்தையும், பிரஷ்யா சாக்சனி என்ற ஜெர்மன் அரசையும் விழுங்கப் பார்த்தன. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த காசில்ரே என்ன செய்தார்? 1815 ஜனவரி 3 அன்று ஆஸ்திரியாவோடும், சில மாதம் முன்புவரை எதிரியாக இருந்த பிரான்ஸோடும் ரகசிய ஒப்பந்தம் போட்டார். விஷயம் கசிந்ததும் மற்ற இருவரும் இறங்கி வந்தார்கள். சாக்சனியின் ஒரு பகுதியோடு பிரஷ்யா நின்றுகொண்டது. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போருக்குப் பிறகு பிரான்ஸைத் துண்டுபோட வேண்டும் என்ற கூச்சலையும் அவர் ஏற்கவில்லை. தோற்றவனை நசுக்காமல் விட்ட இந்த நிதானத்துக்காகவே அவரை நான் மேலே வைப்பேன்.

பிற நாட்டுப் புரட்சிகளில் தலையிடக் கூடாது என்ற கொள்கைக்குப் பெயர் வாங்கியவர் கானிங். அதைத் தெளிவாக எழுதிவைத்தது காசில்ரேயின் 1820 மே மாதக் குறிப்பு. அதை 1823-இல் நாடாளுமன்றத்தில் வைத்தவரே கானிங்தான்.

உள்நாட்டில் காசில்ரேயின் பெயர் கெட்டதில் நியாயம் உண்டு. 1819-இல் மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடியவர்கள் மேல் குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலைக்குப் பிறகு வந்த அடக்குமுறைச் சட்டங்களுக்காகச் சபையில் அவர் வாதாடினார். கானிங்கும் அவற்றை ஆதரித்தவர்தான், ஆனால் பழி விழுந்தது ஒருவர் மேல். மனநிலை குலைந்து 1822 ஆகஸ்ட் 12 அன்று காசில்ரே தற்கொலை செய்துகொண்டார். சவ ஊர்வலத்திலும் கூட்டம் கேலிக் கூச்சல் போட்டது.

அப்போது கானிங் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் புறப்படத் தயாராக இருந்தார். அந்தப் பயணம் நின்றுபோய் வெளியுறவுத் துறை அவரிடம் வந்தது. 1857-இல் கல்கத்தாவில் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய மகன் சார்லஸ்.

ஒன்றில் மட்டும் என் ஓட்டு கானிங்குக்கு: கிரேக்க விடுதலை. காசில்ரே துருக்கி சுல்தானின் ஆட்சி குலையக் கூடாது என்றே பார்த்தார். கானிங், ரஷ்யாவையும் பிரான்ஸையும் சேர்த்துக்கொண்டு 1827 ஜூலையில் கிரேக்கத்துக்குச் சுயாட்சி கேட்கும் லண்டன் ஒப்பந்தத்தை முடித்தார். அப்போது அவர் பிரதமர். அடுத்த மாதமே இறந்துபோனார்.